பத்து ஆராங்: வீட்டிற்குக் கீழே ஒரு வரலாறு

2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் அதில் விழுந்து மறைந்தார். அதன்பின் பெற்றோர் சிலர், "நம் வட்டாரத்திலும் அப்படி நேருமா, டீச்சர்?" என்று என்னிடம் வினவினர். விடையைத் தேட, புக்கிட் பெருந்துங்கிலிருந்து ரவாங்கிற்கு மேற்கேயுள்ள பத்து ஆராங் வரை சென்றால் போதும்.

மலாய் மொழியில் அவ்வூர்ப் பெயருக்கு நிலக்கரி என்றே பொருள். (நம் பாடங்களில் ஈயத்திற்கும் இரப்பருக்கும் கிடைக்கும் இடம் கரிக்குக் கிடைப்பதில்லை!) மலாயன் காலியரீஸ் நிறுவனம் 1915இல் அங்குக் கரி வெட்டத் தொடங்கியது. இரயில்களும் மின் நிலையங்களும் அக்கரியால் இயங்கின. சீனர்களோடு நம்மவரும் அங்கு உழைத்தனர். 1937ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் பதிந்த ஒன்று. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

மூடப்பட்டது தொழில்தான், நிலத்தடிப் பாதைகள் எஞ்சின. தாங்கிய மரக்கால்கள் மக்கும். நீர் புகுந்து மண்ணை அரிக்கும். சுரங்கக் கூரை சிறிது சிறிதாக உதிர, வெற்றிடம் மேல்நோக்கி ஏறும். அது தரைமட்டத்தை எட்டும் நாளில்தான் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். இதன் பொருட்டே அவ்வூரின் வளர்ச்சி நெடுங்காலம் கட்டுப்படுத்தப்பட்டது.

ஆகவே வீடு வாங்க எண்ணும் பெற்றோர், அந்நிலம் முன்பு தோட்டமா, ஈய லம்பமா, கரிச்சுரங்கமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். சுவரில் புதிய சாய்வு வெடிப்பு, திடீரென மூட மறுக்கும் கதவு ஆகியவற்றைப் பொறியாளரிடம் காட்டுங்கள். சாதாரணத் தீக்காப்புறுதியில் நிலம் அமிழ்தல் அடங்காது. கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியே சேர்க்க வேண்டும்.