கிளஃப், பிரையன் (1935–2004)

இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் பிறந்த பிரையன் கிளஃப், கோலடிப்பதையே முதற்பணியாகக் கொண்ட முன்கள வீரராக மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து ஆகிய இரு கால்பந்துக் கழகங்களுக்கு ஆடி, 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்தார். 1962 டிசம்பர் 26 அன்று, உறைந்திருந்த ஆடுகளத்தில் எதிரணிக் கோல்காப்பாளருடன் மோதியதில், முழங்கால் மூட்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் கிழிந்து, அவரது ஆட்டவாழ்வு ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

வீரர்களைத் தேர்ந்து அணியை வழிநடத்தும் மேலாளராக 1965இல் ஹார்ட்டில்பூல்ஸில் தொடங்கிய அவர், துணைவர் பீட்டர் டெய்லருடன் இணைந்து, இரண்டாம் பிரிவில் இருந்த டெர்பி கவுண்டியை 1972இல் நாட்டின் வாகையராக்கினார். 1974இல் லீட்ஸ் யுனைட்டெடில் 44 நாட்களே நீடித்தார்.

1975 ஜனவரியில் அவர் பொறுப்பேற்ற நாட்டிங்காம் ஃபாரஸ்ட், 1977இல் முதற்பிரிவுக்கு உயர்ந்து, மறு ஆண்டே அதன் பட்டத்தையும் வென்றது. அக்கழகம் கைவிடவிருந்த ஜான் ராபர்ட்சனை, பந்தைக் கோல்முகத்துக்கு அனுப்பும் இடப்புற ஓர வீரராக உருமாற்றியதே கிளஃபின் திறனுக்குத் தலைசிறந்த சான்று எனலாம்: ஐரோப்பிய நாடுகளின் வாகையர் கழகங்கள் மோதிய ஐரோப்பியக் கோப்பையின் 1979 இறுதியாட்டத்தில், பத்து லட்சம் பவுண்டு மதிப்பில் வாங்கப்பட்ட டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டி அடித்த ஒரே கோலுக்குப் பந்தை அனுப்பியவர் ராபர்ட்சன், 1980 இறுதியாட்டத்தில் ஹாம்பர்க் கழகத்தை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையதே. ஃபாரஸ்ட் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய 1993இல் கிளஃப் ஓய்வுபெற்றார்.