ஒரு ஆட்டம், ஒரு கோல்: ஃபுல்ஹாமில் ஒரு எகிப்து மாணவர்

இங்கிலாந்துக் கால்பந்தில் எகிப்து வீரர் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் முகமது சாலா. கொஞ்சம் பழைய ரசிகர்கள் டாட்டன்ஹாமில் ஆடிய மிடோவைச் சொல்வார்கள். இவர்களுக்கெல்லாம் ஏறத்தாழ நூறு வருடம் முன்பே ஒருவர் அங்கே ஆடியிருக்கிறார். பெயர் ஹுசைன் ஹெகாசி. இங்கிலீஷ் லீக்கில் அவர் ஆடியது மொத்தமே ஒரு ஆட்டம்தான். அதில் ஒரு கோலும் போட்டார். மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை!

எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்தப் 'போகவில்லை'தான்.

1911ல் ஹெகாசி கெய்ரோவிலிருந்து லண்டனுக்கு வந்தார். வந்தது பந்து ஆட அல்ல, பொறியியல் படிக்க. அப்போது எகிப்து பிரிட்டனின் பிடியில் இருந்தது. 1882ல் நுழைந்த ஆங்கிலேயப் படை வெளியேறவே இல்லை. எகிப்தியர்கள் கால்பந்தைக் கற்றுக்கொண்டதும் அந்தப் படையினரிடமிருந்துதான். கிரிக்கெட் நம் ஊருக்கு வந்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். கெய்ரோவில் 1907ல் அல் அஹ்லி கிளப் தொடங்கப்பட்டபோது அதன் பின்னால் இருந்தவர்களில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மாணவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஊரிலிருந்து, இருபது வயதை ஒட்டிய ஒரு பையன், ஆள்பவர்களின் தலைநகரத்துக்கே வந்து இறங்குகிறான்.

லண்டனில் அவர் சேர்ந்த கிளப் டல்லிச் ஹாம்லெட். (எழுத்துக் கூட்டிப் படித்தால் 'டல்விச்' என்றுதான் வரும். ஆங்கிலேயர்கள் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிடுவார்கள்.) 1893ல் தென் லண்டனில் தொடங்கப்பட்ட அமெச்சூர் கிளப் அது. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. அதைத் தொடங்கி வளர்த்தவர் வில்சன் என்பவர். எல்லோரும் அவரை 'பா' வில்சன் என்றே கூப்பிட்டார்கள், அதாவது அப்பா வில்சன். ஹெகாசியின் ஆட்டம் அங்கே உடனே பிடித்துப் போயிற்று. ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் நெபுகாத்நேச்சார். அவர் பாபிலோன் ராஜா ஐயா, எகிப்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? கிழக்கே இருக்கிற எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயரில் பிரியமும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் தொழில்முறை வீரர் ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால், கிளப்பின் சம்மதம் இல்லாமல் வேறு இடத்துக்கு நகர முடியாது. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 1901ல் அதை வாரத்துக்கு 4 பவுண்டு என்று வைத்தார்கள். அமெச்சூருக்கு இந்தக் கட்டு இல்லை. காசு வாங்காதவரை லீக் கிளப்புக்கும் ஆடிவிட்டு வரலாம். இங்கிலாந்தின் பெரிய வீரரான விவியன் உட்வார்ட் அமெச்சூராகவே இருந்து டாட்டன்ஹாமுக்கும் செல்சிக்கும் ஆடினார். ஆகவே ஃபுல்ஹாம் ஹெகாசியைக் கூப்பிட்டதில் அதிசயம் எதுவும் இல்லை.

1911 நவம்பர் 11. இரண்டாம் டிவிஷன் ஆட்டம், எதிரே ஸ்டாக்போர்ட் கவுண்டி. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஹெகாசி கோல் போட்டார். ஃபுல்ஹாம் 3-1 என ஜெயித்தது. முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டவரை எந்த கிளப் விடும்? அடுத்த ஆட்டத்துக்கும் அவரைக் கேட்டார்கள்.

செய்தி டல்லிச்சுக்குப் போனது. பா வில்சன் நேரே ஹெகாசியைத் தேடி வந்துவிட்டார். ஹெகாசி தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டார். லீக்கில் ஆட அவருக்கு ஆசை இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் டல்லிச்காரர்கள் தன்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், அவர்களை விட்டுப் போக மனமில்லை என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். ஃபுல்ஹாம் கதை அத்தோடு முடிந்தது.

இதை வெறும் விசுவாசம் என்று சொல்லிவிட முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு அவர் கணக்கில் இல்லை என்பது உண்மைதான், எங்கே ஆடினாலும் அமெச்சூர்தானே. ஆனால் ஊர்விட்டு வந்து படிக்கும் மாணவனுக்கு, ஞாபகம் வைத்து வீடு தேடி வருகிற ஒரு பெரியவர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும். பத்தாயிரம் பேர் கைதட்டலாம், ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்கும் ஆள் வேறு. இன்னொன்றும் உண்டு. ஆங்கிலேயர் ஆளும் நாட்டிலிருந்து வந்த ஒரு பையனை இரண்டு ஆங்கிலேய கிளப்புகள் போட்டி போட்டுக் கேட்டன. முடிவு அவன் கையில் இருந்தது. அன்றைய எகிப்தில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு நிலை வாய்த்திருக்கும்?

டல்லிச்சுக்கு இது பழக்கமாகவே ஆகிவிட்டது என்று நினைக்கிறேன். பின்னாளில் அதே கிளப்பின் எட்கர் கெயில், தொழில்முறைக்கு மாறாமலே 1929ல் இங்கிலாந்து அணிக்கு ஆடினார்.

ஹெகாசிக்குத் திறந்திருந்த கதவு பிறகு மூடிக்கொண்டது. 1931ல், வெளிநாட்டு வீரர் இரண்டு வருடம் இங்கிலாந்தில் வசித்திருந்தால்தான் லீக்கில் ஆடலாம் என்று விதி போட்டார்கள். அது 1978 வரை நீடித்தது. அந்த வருடம்தான் அர்ஜென்டினாவின் ஆர்டிலெஸும் வில்லாவும் டாட்டன்ஹாமுக்கு வந்தார்கள்.

ஹெகாசி கேம்பிரிட்ஜிலும் கொஞ்ச காலம் படித்து, அங்கும் ஆடிவிட்டு, முதல் உலகப் போர்க் காலத்தில் ஊர் திரும்பினார். கெய்ரோவில் அல் அஹ்லிக்கும் ஆடினார், அதன் பரம எதிரியான இன்றைய ஜமாலெக்குக்கும் ஆடினார். (லண்டனில் மாற மறுத்தவர்தான்!) 1919ல் எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பெரும் புரட்சி வெடித்தது. அடுத்த வருடமே ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் எகிப்து அணி கால்பந்து ஆடியது, அதில் ஹெகாசி இருந்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பலம் வாய்ந்த ஹங்கேரியை எகிப்து 3-0 என்று சாய்த்து எல்லோரையும் அதிர வைத்தது. அந்த மூன்றில் ஒன்று ஹெகாசியின் கோல். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆட்டத்தில் ஸ்வீடன் 5-0 என்று திருப்பிக் கொடுத்துவிட்டது, அது வேறு விஷயம்.

கெய்ரோவில் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.