அறுந்தாலும் அறாத வலை

1912-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள் 14-ஆம் நாள். நள்ளிரவு நெருங்கும் நேரம். அட்லாண்டிக் பெருங்கடலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதிற்று. மூழ்கும் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தி அபயக்குரல் எழுப்பிற்று. அருகே நின்றிருந்தது கலிஃபோர்னியன் என்னும் கப்பல். அதிலும் கருவி இருந்தது. ஆனால் அதை இயக்கத் தெரிந்த ஒரே ஒருவர், அன்றைய அலுவல் முடிந்து உறங்கப் போய்விட்டார். தொலைவிலே சென்றுகொண்டிருந்த கார்பேதியாவின் காதிலே குரல் விழுந்தது. அது விரைந்து வந்து 700-க்கும் மேற்பட்டோரைக் காத்தது. 1,500-க்கும் அதிகமானோர் மாண்டனர்.

விதி என்றனர் சிலர். விதியா அது? ஒருவர் கண்ணயர்ந்தால் ஒரு கப்பலே செவிடாகிவிடும் என்று அமைத்து வைத்தது யார்? மனிதன் செய்த ஏற்பாடு. மனிதனே திருத்த வேண்டிய ஏற்பாடு. திருத்தினான். பெரிய பயணிக் கப்பல்களில் இரவும் பகலும் ஓயாது கேட்டிருக்க ஆள் வேண்டும் என்று அதே ஆண்டில் அமெரிக்கா சட்டம் செய்தது. எனினும், ‘ஒன்றையே நம்பி ஓராயிரம்’ என்ற முறை முற்றிலும் மாறிவிடவில்லை. கடலில் திருந்திய பிழை கரையிலே தொடர்ந்தது.

அப்பிழையை ஆராய்ந்து காட்டியவர் பால் பாரன். 1926-இல் பிறந்தவர், குழந்தைப் பருவத்திலே போலந்திலிருந்து அமெரிக்கா வந்த குடும்பத்தின் பிள்ளை. அணுகுண்டு விழுந்தால் தொலைபேசி நிலையங்கள் அழியுமே, பிறகு செய்தி எவ்வழி செல்லும்? ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு இக்கேள்வியை எழுப்பினார். 1964-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுரைகளில் மூன்று படங்கள் உண்டு. எல்லாக் கோடுகளும் ஒரே நடுப்புள்ளியில் கூடுவது முதற்படம். சில பெரும்புள்ளிகளைச் சுற்றிச் சிறுபுள்ளிகள் தொங்குவது இரண்டாவது. ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டைப் புள்ளிகளோடு கைகோத்து நிற்பது மூன்றாவது; மீனவன் வலை போன்றது அது. செய்தியைச் சிறுசிறு துண்டுகளாக்கி, எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியே அனுப்பலாம் என்றார் பாரன்.

ஏற்றார்களா? அந்நாளில் அமெரிக்கத் தொலைபேசித் தொழிலைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருந்த ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், இது நடவாது என்று ஒதுக்கிற்று. நடுப்புள்ளியில் அமர்ந்திருப்பவருக்கு நடுப்புள்ளியே தேவையில்லை என்ற கருத்து எப்படி இனிக்கும்?

இப்படங்களை ஒருநாள் கரும்பலகையில் வரைந்தேன். மாணவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, கடைசி வரிசைக்கு அனுப்பச் சொன்னேன். முதல் முறை, எல்லாச் சீட்டும் என் மேசை வழியாகவே போகவேண்டும் என்று விதித்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன். சீட்டு அசையவில்லை. மறுமுறை, அடுத்திருப்பவரிடம் கொடுக்கலாம் என்றேன். நான் வெளியே நிற்கும்போதே சீட்டு கடைசி வரிசை சேர்ந்தது. நடுவில் இருவரை எழுப்பி வெளியே அழைத்தேன். அப்போதும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை.

பாரன் கண்டது பெரும்பாலும் நிலையான நிலையங்களின் வலை. அவ்வகைக் கருத்து காற்றிலும் ஏறிற்று. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், கடலால் பிரிந்த தீவுகளின் கணினிகளை வானொலி அலையால் இணைத்தனர். ஆனால் அதற்கும் ஒரு நடுநிலையம் இருந்தது. 1973 முதல் அமெரிக்கப் பாதுகாப்புத்துறை ஆய்வமைப்பு மேற்கொண்ட முயற்சியில்தான், ஒவ்வொரு வானொலிப் பெட்டியும் தன் செய்தியைச் சொல்வதோடு அண்டைப் பெட்டியின் செய்தியையும் சுமந்து கடத்தியது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரச் சாலைகளில் கருவிகள் பூட்டிய ஊர்தி ஓடிக்கொண்டே பேசிற்று.

போருக்கென்று பிறந்த அறிவு, உயிர்காக்கும் பணிக்கு உரிய காலத்தில் வந்து சேர்ந்ததா? 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் எரிந்தன. வடக்குக் கோபுரத்தில் ஏறியிருந்த தீயணைப்பு வீரர் பலருக்கு, ‘வெளியேறுங்கள்’ என்ற ஆணை வானொலியில் எட்டவில்லை. வானிலிருந்து பார்த்த போலீஸ் ஹெலிகாப்டர்களின் எச்சரிக்கையும் அவர்களைச் சேரவில்லை. போலீசுக்கு ஒரு வானொலி, தீயணைப்போருக்கு வேறொன்று. அன்று மாண்ட தீயணைப்போர் 343 பேர். 2005-இல் கத்ரீனா புயல் வீசியபோது 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. அபயக்குரல் கேட்க வேண்டிய நிலையங்களே ஊமையாயின.

பிறகு வந்தது 2012 அக்டோபர் 29. சாண்டிப் புயல். புரூக்ளினின் ரெட் ஹுக், மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த வட்டாரம். அரசுக் குடியிருப்புகளில் ஏழைகள் செறிந்து வாழும் இடம். அங்கே ஒரு சமூக நிலையத்தார், புயலுக்கு முன்பே சில கூரைகளில் சிறு வானொலிப் பெட்டிகளைப் பொருத்தி வலை பின்னத் தொடங்கியிருந்தனர். வெள்ளம் புகுந்தது, விளக்கு அணைந்தது, அலைபேசி அடங்கியது. அந்நிலையத்தில் மட்டும் மின்சாரம் நின்றுவிடவில்லை, வலையும் அறவில்லை. பேரிடர் துறையினர் செயற்கைக்கோள் இணைப்பைக் கொண்டுவந்து அவ்வலையோடு கோத்தனர். மக்கள் உற்றாரைத் தேடினர், உதவி கேட்டனர். புயலுக்குப் பின் அவ்வட்டார இளைஞர்களே பயிற்சி பெற்று வலையை விரித்தனர்.

ஆபத்துக்கு மட்டுமா இது உதவும்? ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவில், இலாபமில்லை என்று நிறுவனங்கள் எட்டிப்பாராத சிற்றூர் மக்கள், 2004-இல் கய்ஃபி என்ற வலையைத் தாமே தொடங்கினர். அது 30,000-க்கும் மேற்பட்ட கண்ணிகளாக வளர்ந்தது. அன்றாடம் பயன்படுவதால் அன்றாடம் பழுது பார்க்கப்படுகிறது. வெள்ளம் வந்தபிறகு வலை பின்ன முடியாது. முன்பே பின்னிப் பழகியிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கைமாறும் ஒவ்வொரு முறையும் வேகம் குறையும். மின்கலம் தீர்ந்தால் பெட்டி வெறும் பெட்டியே. யாருடைய கூரை, யார் காவல், யார் செலவு என்ற கேள்விகளுக்குக் கருவி விடை சொல்லாது. மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்று உறுதி. இவ்வலையில் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவர் எவருமில்லை. பிறர் குரலைச் சுமப்பதே சேர்வதற்கான நிபந்தனை. அன்று கலிஃபோர்னியனில் உறங்கியவர் குற்றவாளி அல்லர், களைத்த மனிதர். ஒருவர் உறங்கினாலும் மற்றவர் விழித்திருக்கும் ஏற்பாடு அன்று இல்லை. இன்று இருக்கிறது. இருந்தும் பின்னாமல் விட்டால், அடுத்த புயலின்போது விதியைப் பழிக்க நமக்கு உரிமை ஏது?