பர்ஸ் தொலைந்தால் நஷ்டம் யாருக்கு?

பர்ஸ் தொலைஞ்சு போச்சுன்னா முதல்ல மனசு எதுக்குப் பதறும்? உள்ளே இருந்த நானூறு ரூபாய்க்கா? "ஐயோ, கார்டு!" என்றுதான் பதறும். இந்தப் பதற்றத்துக்குப் பின்னால் ஒரு நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கு. நான் கோடு எழுதிப் பிழைக்கிற ஆசாமி. அதனால "சிஸ்டம் சொதப்பினா யார் தலையில விடியும்?" என்ற ஒரே கேள்வியோடுதான் இதைப் படிச்சேன்.

கார்டுக்கு முன்னாடி பயணிகள் கையில் 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' என்று ஒரு கடிதம் இருக்கும். அதைக் காட்டி வெளியூர் வங்கியில் பணம் வாங்கிக்கணும். 1890 வாக்கில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பா போனார். பெரிய நகரங்களைத் தாண்டினதும் அந்தக் கடிதத்தை யாரும் மதிக்கலை. அவ்வளவு பெரிய மனுஷன் கையில் காசில்லாமல் திண்டாடினார். ஊர் திரும்பினதும் தன்னிடம் வேலை பார்த்த மார்செல்லஸ் பெர்ரியிடம் "இதுக்கு ஒரு வழி பண்ணு" என்றார். 1891-ல் வந்தது டிராவலர்ஸ் செக்.

பெர்ரியின் ஐடியா ரொம்ப சிம்பிள். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொரு கையெழுத்து. ரெண்டும் ஒத்துப்போனா காசு. அந்தக் காலத்து பாஸ்வேர்டு :-) செக் தொலைஞ்சா கம்பெனி பணத்தைத் திருப்பித் தரும். இவ்வளவு தாராளம் எப்படிக் கட்டுப்படியாகும்னு கேக்கறீங்களா? வாங்கின செக்கை மாற்றும் வரைக்கும் நம்ம பணம் அவங்க கிட்டதானே இருக்கு! 1914-ல் உலகப் போர் வெடிச்சு ஐரோப்பிய வங்கிகள் கையை விரிச்சப்போ, அங்கே மாட்டிக்கிட்ட அமெரிக்கப் பயணிகளுக்கு இந்த செக்குகள்தான் சோறு போட்டுச்சு.

அடுத்தது கார்டு. 1950-ல் நியூயார்க்கில் ஃப்ராங்க் மெக்நமாரா டைனர்ஸ் கிளப்பை ஆரம்பிச்சார். பர்ஸை மறந்துட்டு ஹோட்டலுக்குப் போனார், பில் வந்ததும் முழிச்சார், அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கார்டு என்று ஒரு கதை உண்டு. அது விளம்பரத்துக்காக ஜோடிச்ச கதை என்று அந்தக் கம்பெனிக்கு விளம்பர வேலை பார்த்த மேட்டி சிம்மன்ஸே பின்னாளில் சொல்லிட்டார். கதை பொய்யானாலும், பர்ஸ் இல்லாத பயம் எல்லாருக்கும் பொது என்பதைப் புரிஞ்சுக்கிட்ட மூளைக்கு ஒரு சபாஷ்.

உண்மையான கூத்து 1958-ல். பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் 60,000 பேருக்கு, யாருமே கேட்காமல், தபாலில் கார்டு அனுப்பி வெச்சது. பாக்கி நிக்கிறது 4 சதவீதம் இருக்கும்னு கணக்குப் போட்டாங்க, 22 சதவீதம் நின்னுச்சு. தபால்பெட்டியில் திருடின கார்டு, போலிக் கார்டு என்று மோசடியும் சேர்ந்துக்கிச்சு.

தொலைஞ்ச கார்டை எப்படித் தடுத்தாங்க? அந்த நம்பர்களைப் புத்தகமா அச்சடிச்சு கடைகளுக்கு அனுப்புவாங்க. கல்லாவில் இருப்பவர் கார்டு நம்பரை அதில் தேடிப் பார்க்கணும். பெரிய தொகைன்னா போன் போட்டுக் கேட்கணும். நம்ம பாஷையில் சொன்னா, எப்பவோ ரெஃப்ரெஷ் ஆகிற கேஷ். அடுத்த புத்தகம் வரும் வரை திருடன் ராஜா. 1973-ல் பின்னாளில் விசா என்று பெயர் மாறிய அமைப்பு கம்ப்யூட்டர் மூலம் அனுமதி தர ஆரம்பிச்ச பிறகுதான் அந்த ஓட்டை மெல்ல அடைபட்டது.

ஆனா என்னைக் கேட்டா, கம்ப்யூட்டரை விடப் பெரிய மாற்றம் 1970-ல் வந்த அமெரிக்கச் சட்டம்தான். கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. திருட்டுக் கார்டில் யாராவது செலவு பண்ணினா, கார்டுக்காரர் தலையில் அதிகபட்சம் 50 டாலர்தான் விழும். மீதி நஷ்டம் வங்கிக்கு. நஷ்டம் தன் தலையில் விழுதுன்னா, பூட்டை பலமாக்கும் அக்கறை தானா வந்துடும் இல்லையா?

நம்ம ஊருக்கு வருவோம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனா, வங்கிக்குச் சொல்லும் வரை நஷ்டம் அவருக்கு, சொன்ன பிறகு நஷ்டம் வங்கிக்கு. எல்லாம் அந்த "சொன்ன நேரம்" மேலதான் நிக்குது. 2021 ஜனவரியிலிருந்து கார்டைத் தட்டினாலே பின் இல்லாமல் 5,000 ரூபாய் வரை போகலாம் என்றும் வந்தது.

என் ரூம்மேட் போன வருஷம் பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தான். கையில் போன் இருந்துச்சு. டீ, ஆட்டோ, மெஸ் எல்லாம் யூபிஐ. வாழ்க்கை ஜாலியா ஓடினதால் கார்டை ரெண்டு நாள் கழிச்சுத்தான் பிளாக் பண்ணினான். அதுக்குள்ள மூணு தட்டு, பதினோராயிரத்துச் சொச்சம் காலி. வங்கியில் கேட்ட முதல் கேள்வி, "சார், நீங்க எப்ப சொன்னீங்க?" அவனோட அம்மாவுக்கு மாசாமாசம் அனுப்புற பணம் அது. அந்த மாசம் என்கிட்டதான் கடன் வாங்கி அனுப்பினான்.

ஃபார்கோவுக்குக் காசில்லாத கஷ்டம் உடனே தெரிஞ்சுது. நமக்கு கார்டு இல்லாத கஷ்டமே தெரியறதில்லை, அதான் இப்போ வம்பு. அதனால மக்களே, சமாளிக்கறது அப்புறம், முதல்ல பிளாக் பண்ணுங்க, புகார் நம்பரைக் குறிச்சு வெச்சுக்குங்க. தட்டுற வசதி வேண்டாம்னா ஆப்பில் போய் அணைச்சுடலாம். வங்கியோட ஹெல்ப்லைன் நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி வீட்டில் ஒட்டி வைங்க. போனும் பர்ஸும் ஒரே பையில் போகிற நாளும் வரலாம்!