வந்தவர் கட்டிய வீடு: நாலாஞ்சிறாவில் லாரி பேக்கரின் வாழ்விடம்

முன்னுரை

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது பழமொழி. பிறந்த ஊரிலேயே அரிதெனக் கருதப்படும் வீடு கட்டுதல், மண்ணும் மழையும் பழகாத அயல்நாட்டில் மேலும் அரிதாகிறது. அங்கு வீடு கட்டுபவர் இருவகையாகச் செயற்படலாம். தம் நாட்டு வாழ்க்கையை வந்த இடத்தில் அப்படியே நிறுவிக்கொள்ளலாம். அல்லது வந்த இடத்திடம் பாடம் கேட்கலாம். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் நிலைத்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) இரண்டாம் வகையினர். நாலாஞ்சிறாவில் அவர் தமக்கெனக் கட்டிய 'தி ஹாம்லெட்' என்னும் வீட்டின் வழி, அயலவர் ஒருவர் ஊராராக மாறிய முறையையும், அவர் கற்றுக்கொண்டதை ஊரார் கைவிட்ட முரணையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அயலவரும் வெப்பமண்டல வீடும்

வெப்பமண்டல நாடுகளுக்கு வந்த ஐரோப்பியர் தமக்கெனக் கட்டிய 'பங்களா' வங்காளத்து வீட்டின் பெயரையும் வடிவையும் ஏற்றது. எனினும் ஊரிலிருந்து விலகி, சுற்றிலும் தோட்டம் விட்டு நிற்பதே அதன் இயல்பு. இவ்விலகலின் உச்சத்தை இலங்கையில் காணலாம். பிரெஞ்சுக்காரரான கவுண்ட் தெ மோனி 1920களில் வெலிகம விரிகுடாவின் சிறு தீவொன்றில் எண்கோண வடிவ மாளிகை கட்டினார். தீவுக்குத் 'தப்ரபேன்' என இலங்கையின் பழம்பெயரையே சூட்டினார். கடல் சூழ்ந்த தனிமையே அவ்வீட்டின் பொருள்.

அதே இலங்கையில் பிறந்த கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் பெந்தோட்டை அருகே பழைய தோட்டமொன்றை வாங்கி, 'லுனுகங்கா' எனப் பெயரிட்டு, பல பத்தாண்டுகள் மாற்றி மாற்றி அமைத்துவந்தார். ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படாமல் வாழ்வோடு வளரும் வீடு என்ற வகையில் பேக்கரின் வீடு இதற்கு நெருக்கமானது. ஆனால் பாவாவுக்கு அது பிறந்த நாடு. பேக்கருக்கோ வந்து சேர்ந்த நாடு.

நாலாஞ்சிறாவுக்கு வந்த வழி

பர்மிங்காமில் பிறந்து அங்கேயே கட்டடக் கலை பயின்ற பேக்கர், குவேக்கர் நெறியைச் சார்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது நண்பர்கள் மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனாவில் பணியாற்றினார். நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். சிற்றூர் வீடு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்படவேண்டும் என்னும் காந்தியக் கருத்து அவர் பணிக்கு அடித்தளமாயிற்று.

1945இல் தொழுநோயாளர் நலப்பணி அமைப்பொன்றின் கட்டடக் கலைஞராக இந்தியா வந்தார். மண், சாணம், செம்புரைக்கல் ஆகியவற்றின் முன் பர்மிங்காம் கல்வி பயன்படாததை உணர்ந்து, ஊர்க் கைவினைஞரைக் கவனிக்கத் தொடங்கினார். 1948இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை மணந்தார். இமயமலைப் பகுதியான பித்தோராகரில் இருவரும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் மருத்துவப் பணி செய்தனர். 1963இல் கேரளத்து வாகமண்ணுக்கும், அப்பத்தாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்துக்கும் வந்தனர். பேக்கரின் வரவு மனைவியின் மண்ணுக்கான வரவு. ஊருக்கும் அவருக்கும் உறவுப்பாலம் குடும்பத்திற்குள்ளேயே இருந்தது என்பது கருதத்தக்கது.

பாறைச் சரிவில் ஒரு வீடு

'ஹாம்லெட்' என்பதற்குச் சிற்றூர் என்பது பொருள். பெயருக்கேற்ப அது ஒற்றைக் கட்டடமன்று. சரிவில் படிப்படியாக அமைந்த சிறு கட்டடங்களின் தொகுதி. நகரின் வடகிழக்கே, பிறர் மனையாகக் கருதத் தயங்கும் பாறைச் சரிவில், 1970 அளவில் ஓரறை மரக்குடிலாகத் தொடங்கியது. தேவை எழுந்தபோதெல்லாம் அறையொன்று, முற்றமொன்று எனப் பல ஆண்டுகளில் விரிந்தது. நிலம் சமன் செய்யப்படவில்லை. பாறை இருந்த இடத்தில் வீடு வளைந்தது, மரம் நின்ற இடத்தில் சுவர் விலகியது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் மரவேலைப்பாடுகள் இங்கு மறுபிறப்பெடுத்தன. சுவரில் பதித்த வண்ணப் புட்டிகள் ஒளியை வடிகட்டின.

திருவனந்தபுரத்தில் இடவப்பாதி, துலாவர்ஷம் என இரு மழைக்காலங்கள் உண்டு. எனவே அங்கு வீட்டின் முதற்பணி மழையைத் தடுத்துக் காற்றை விடுவது. கேரளத்துப் பழைய வீடுகளின் சரிந்த கூரை, நீண்ட இறவாரம், நடுமுற்றம் ஆகியவை இதற்கென உருவானவை. பேக்கர் அவற்றின் வடிவைப் படியெடுக்கவில்லை, காரணத்தைக் கற்றார்.

அவர் கையாண்ட முறைகளில் மூன்று குறிப்பிடத்தக்கன. முதலாவது, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரு முகப்புகளுக்கிடையே வெற்றிடம் விட்டுக் கட்டுவது இது. செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகிறது. இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. இரண்டாவது, கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் மங்களூர் ஓடுகளைப் பதிப்பது. அப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. கான்கிரீட்டுக்கு அங்கு வேலை குறைவு. ஆகவே அவ்விடத்தை ஓடு நிரப்புகிறது. மூன்றாவது, 'ஜாலி' எனப்படும் துளைச் செங்கற்சுவர். மரச்சட்டமும் கம்பியும் கண்ணாடியும் வேண்டும் சன்னல் செலவு மிக்கது. ஜாலியோ செங்கல்லால் மட்டுமே காற்று, ஒளி, மறைவு, காவல் ஆகிய நான்கையும் தருகிறது.

அன்றாட வாழ்வும் கைவினைஞரும்

ஹாம்லெட் குடும்ப வீடாகவும் பேக்கரின் பணிமனையாகவும் ஒருங்கே விளங்கியது. பயன்படுத்திய உறைகளின் பின்புறத்திலும் துண்டுத்தாள்களிலும் அவர் வரைபடம் வரைந்தார். ஒப்பந்தக்காரரை இடையில் வையாது, கொத்தனாருடன் களத்தில் நின்று முடிவெடுத்தார். கட்டும்போதே திட்டம் மாறுவது இவ்வகையில் குறையன்று, அதுவே முறை. குறைந்த செலவில் வீடு கட்டுவது பற்றிப் படங்களுடன் சிறு கையேடுகளும் எழுதினார்.

தம் வீட்டிற்குப் பொருந்திய நெறியையே பொதுக் கட்டடங்களுக்கும் அவர் கொண்டார். கே.என். ராஜ் முன்னின்று 1971இல் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் உள்ளூர் வளாகமும், தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸின் சுழல் வடிவக் கட்டடமும் இதற்குச் சான்றுகள். வளர்ச்சி ஆய்வு மையத்தின் நூலகமும் ஏழைக்கான சிறு வீடும் ஒரே செங்கல்லால், ஒரே சிக்கனத்தால் எழுந்தன.

ஊரார் கைவிட்டது

பேக்கர் செங்கல்லையும் ஓட்டையும் நாடிய 1970களில்தான் கேரளம் அவற்றிலிருந்து விலகத் தொடங்கியது. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற மலையாளிகளின் வருவாய் ஊரில் கான்கிரீட் வீடுகளாக உருப்பெற்றது. 1982இல் பகுதியாகவும் 1989இல் முழுமையாகவும் சிமெண்டுக் கட்டுப்பாடு நீங்கியது இப்போக்கை விரைவுபடுத்தியது. அயல்நாட்டில் உழைத்தவர் தம் ஊரில் கட்டியது ஊர்ச் சாயலற்ற வீடு; அயல்நாட்டிலிருந்து வந்தவர் கட்டியதோ ஊர்ச் சாயலுள்ள வீடு.

இதனை உள்ளூராரின் அறியாமை எனக் கூறிவிட இயலாது. ஓலைக் குடிசையில் வாழ்ந்தவருக்குப் பூசப்பட்ட சுவர் என்பது சாதியும் வறுமையும் சுமத்திய இழிவிலிருந்து விடுபட்டதன் அடையாளம். பூச்சில்லாச் செங்கற்சுவரை அவர்கள் முடிவுறாத வீடாகவே கண்டனர். எளிமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை, எளிமையிலேயே பிறந்தவருக்குக் கிட்டுவதில்லை. ஏழைக்கென வகுத்த பாணி நடுத்தர வகுப்பினரின் விருப்பமாகியதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். 1985இல் சி. அச்சுத மேனன், ராஜ் முதலியோருடன் பேக்கரும் இணைந்து உருவாக்கிய 'காஸ்ட்ஃபோர்ட்' அமைப்பு இம்முறைகளைத் தொடர்ந்து பரப்பிவந்தது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பேக்கர் 1980களின் இறுதியில் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007 ஏப்ரல் 1 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். குடியுரிமை ஆவணம் கிடைப்பதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, நாலாஞ்சிறாப் பாறையில் முதற் குடிலை அமைத்தபோது, அவர் ஊராராகத் தொடங்கிவிட்டார். ஊரார் என்பது பிறப்பால் மட்டும் அமைவதன்று. மண்ணறிவாலும் அமைவது என்பதை அவ்வீடு காட்டுகிறது.

தமிழாய்வுக்கும் இதில் ஒரு பணி உண்டு. பேக்கர் கொத்தனாரிடமும் தச்சரிடமும் கற்ற அறிவு, நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் வாழும் கைவினைஞரிடமும் உண்டு. இறவாரம், உத்தரம், கைமரம், தாழ்வாரம், ரசமட்டம், தூக்குக்குண்டு என அவ்வறிவு சொற்களில் தங்கியுள்ளது. ஓட்டு வீடு மறையும்போது கைமரம் என்னும் சொல்லும் வழக்கொழிகிறது. முதிய கைவினைஞர் உள்ளபோதே இச்சொற்களை அவற்றின் செய்முறையோடு தொகுப்பது, அகராதிப் பணியாகவும் வாழ்வியல் வரலாற்றுப் பணியாகவும் அமையும். அயலவர் ஒருவர் தேடிவந்து கற்றதை, உரியவர் ஏட்டிலேனும் காத்தல் கடமையாகும்.