முப்பது மணி நேரத்தின் சரித்திரம்: அமெரிக்க இளையோரின் ஓட்டுநர் கல்வி பள்ளியை விட்டு வீடு புகுந்த விதம்

ஃப்ளோரிடா மாநிலத்தில் பதினைந்து வயது நிறைந்த ஒரு பையனோ பெண்ணோ, நம்மவர் எல்.எல்.ஆர். என்று வழங்கும் பழகுநர் உரிமத்தை அடைய விரும்பினால், முதலில் தன் வீட்டுக் கணினியின் எதிரே அமர்ந்து, சர்க்கார் அங்கீகரித்த பாடம் ஒன்றை விதித்த மணிக்கணக்குப்படி படித்து முடித்து, பெற்றோரின் கண்காணிப்பில் அதே கணினியில் ஐம்பது வினாக்கள் கொண்ட பரீட்சையையும் எழுதி, நாற்பதுக்குக் குறையாமல் சரியான விடை அளித்து, அதன் பின்னர் உரிமம் வழங்கும் காரியாலயத்தின் வாசற்படியை மிதித்தால் போதும். அதுவரையில் ஓர் ஆசிரியரின் முகத்தை அவர் நேரில் கண்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இந்த ஏற்பாட்டை இணையம் என்னும் புதுமையின் விளைவு என்று கொள்வது எளிது. ஆனால் அதன் பூர்வோத்தரங்களை ஆராய்ந்து பார்த்தால், இத்தகைய பாடங்களுக்கு மணிக்கணக்கு விதிக்கும் வழக்கம், அவற்றுக்கு அளிக்கப்படும் நற்சாட்சிப் பத்திரம், அவற்றின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை, பண்டிதர்கள் கொண்ட ஐயம் ஆகிய யாவும் கணினி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே உருவாகிவிட்டவை என்பது புலனாகும். பிறர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் இணையம் குடியேறியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மோட்டார் ஓட்டுவோர் உத்தரவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்காவில் முதன்முதலாக 1903இல் ஏற்படுத்தியவை மாசசூசெட்ஸ், மிசௌரி ஆகிய இரு மாநிலங்கள். ஆயினும் சீட்டு வேறு, பரீட்சை வேறு. கட்டணத்தைச் செலுத்திச் சீட்டை வாங்கிக்கொண்டு போகும் வழக்கமே பல இடங்களில் நெடுநாள் நிலவியது. சவுத் டகோட்டா மாநிலமோ 1954 வரையில் சீட்டே கேட்கவில்லை. ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருவதும், வண்டியை விற்ற வியாபாரி அரை மணி நேரம் காட்டிக் கொடுப்பதுமே அக்காலத்துக் கல்வி. 1930களின் நடுவில் சாலை விபத்துக்களில் மாண்டோரின் தொகை ஆண்டொன்றுக்கு 30,000க்கு மேல் சென்றபோதுதான், ஓட்டுவதும் முறையாகக் கற்பிக்கத் தக்க ஒரு வித்தை என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் பென்சில்வேனியா ஸ்டேட் கல்லூரியில் பொறியியல் கற்பித்துவந்த ஏமஸ் நேஹார்ட் என்பவர். அக்கல்லூரி அமைந்த ஊரின் உயர்நிலைப் பள்ளியில், 1933–34ஆம் ஆண்டளவில், தமக்குச் சொந்தமான 1929ஆம் ஆண்டு கிரஹாம்-பெய்ஜ் காரையே பாட உபகரணமாகக் கொண்டு அவர் மாணவர்க்குப் பயிற்சி தரலானார். பிற்காலத்தில் அமெரிக்க மோட்டார் சங்கத்தோடு சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவரும் அவரே. சொந்த வண்டியைப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் கையில் ஒப்புவித்த அந்தப் பேராசிரியரின் மனத்துணிவுக்கு ஈடானதொன்றைப் பின்வந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளின் அறிக்கைகளிலும் விதிமுறைகளிலும் நான் காணவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின்னர் இயக்கம் நாடெங்கும் பரவியது. 1949இல் மேற்கு வர்ஜீனியாவின் ஜாக்ஸன்ஸ் மில் என்னுமிடத்தில் கூடிய தேசிய மாநாடு, வகுப்பறையில் முப்பது மணி நேரமும் வண்டியில் ஆறு மணி நேரமும் என்று ஓர் அளவை வகுத்தது. முப்பது மணி நேரம் கற்றவன் இருபது மணி நேரம் கற்றவனைக் காட்டிலும் குறைவாக மோதுகிறான் என்று யாரும் சோதித்துக் கண்டு அந்த எண்ணை எடுக்கவில்லை. பள்ளியின் கால அட்டவணைக்குள் அடங்கும் ஒரு பாடத்துக்குப் பொருத்தமான அளவு அது, அவ்வளவே. எனினும் சட்டப் புத்தகங்களில் ஒருமுறை ஏறிவிட்ட எண்ணுக்கு உள்ள ஆயுள் அதை ஏற்றிவைத்தவர்களுக்கு இருப்பதில்லை. கார் வியாபாரிகள் பள்ளிகளுக்கு வண்டிகளை இரவலாகத் தந்தனர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பாடத்தை முடித்தவரின் பிரீமியத்தில் தள்ளுபடி அளித்தன. ஏட்னா என்ற கம்பெனி, வெண்திரையில் சாலைக் காட்சி ஓட, மாணவர்கள் வரிசையாக அமர்ந்து பொய்ச் சக்கரங்களைத் திருப்பும் போலி வண்டிகளையும் 1950களில் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. இந்த உபகரணத்தை அறிந்த பிறகு, திரையின் எதிரே அமர்ந்து ஓட்டக் கற்பதை நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று எவரும் பெருமை கொள்ள இயலாது. ஒஹாயோவில் உண்மையான விபத்துக் களங்களிலே படம் பிடித்து 1959இல் வெளியிட்ட ‘சிக்னல் 30’ என்ற படத்தைக் கண்டு வகுப்பில் மயங்கி விழுந்த மாணவர்களைப் பற்றிய பேச்சு இன்றும் அந்நாட்டு முதியோரிடையே உலவுகிறது. பயமுறுத்திப் புத்தி புகட்டலாம் என்ற நம்பிக்கை உபாத்தியாயர்களுக்கு எல்லாத் தேசங்களிலும் உண்டு போலும்.

1966இல் நிறைவேறிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் ஓட்டுநர் கல்வியையும் மாநிலங்கள் நடத்த வேண்டிய காரியங்களுள் ஒன்றாக்கி, அதற்கு மத்திய சர்க்காரின் பண உதவிக்கும் வழி செய்தது. இயக்கம் உச்சத்தை அடைந்ததாகத் தோன்றிய அந்தச் சமயத்திலேயே அதன் அஸ்திவாரத்தைப் பற்றிய கேள்வியும் எழுந்தது. டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் தலைமையில் அமைந்த ஆலோசனைக் குழு 1968இல் அளித்த அறிக்கையில், இக்கல்வியால் விபத்து குறைகிறது என்பதற்குப் போதிய நிரூபணம் இல்லை என்று கூறியது. பயின்றவர்கள் குறைவாக மோதுகிறார்கள் என்று அதுவரை காட்டப்பட்ட கணக்குகளில் ஒரு தோஷம் இருந்தது. விரும்பிச் சேர்ந்து ஒழுங்காகப் பயிலும் மாணவன் இயல்பிலேயே நிதானமுள்ளவனாக இருக்கக்கூடும். அவனுடைய நிதானத்தின் பலனைப் பாடத்தின் பலனாக எழுதிக்கொள்வது தர்க்கத்துக்குப் பொருந்தாது.

இந்தத் தோஷத்தை நீக்கவே ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் வட்டாரத்தில் 1970களின் பிற்பகுதியில் ஒரு பெரும் சோதனை தொடங்கப்பட்டது. ஓட்டுநர் கல்வி பெற விரும்பிய சுமார் 16,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர்க்கு அந்நாளில் அறிந்த உத்திகள் யாவும் சேர்ந்த விரிவான பயிற்சி. மற்றொரு பிரிவினர்க்கு உரிமப் பரீட்சையில் தேறுவதற்கு வேண்டிய சுருக்கமான பாடம். மூன்றாம் பிரிவினர்க்குப் பள்ளியில் ஒன்றும் இல்லை. பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். விரிவான பயிற்சி பெற்றவர்களிடம் உரிமம் பெற்ற முதற்சில மாதங்களில் ஒரு சிறு அனுகூலம் தென்பட்டது; பின்னர் அதுவும் கரைந்து, நிலைத்த வேற்றுமை ஒன்றும் எஞ்சவில்லை. பயிற்சி பெற்றோர் மற்றவரைவிட விரைவில் உரிமம் பெற்றுச் சாலைக்கு வந்துவிட்டனர் என்பதும் தெரியவந்தது.

இதனினும் கசப்பான பாடத்தைக் கனெக்டிகட் மாநிலம் தந்தது. அங்கே 1976இல் பள்ளி ஓட்டுநர் கல்விக்கான மாநில மானியம் நின்றது. ஒன்பது ஊர்கள் பாடத்தையே கைவிட்டன. அவ்வூர்களை ஆராய்ந்து லியான் ராபர்ட்ஸன் 1980இல் வெளியிட்ட முடிவின்படி, பதினாறு, பதினேழு வயதினருள் உரிமம் பெறுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. அவர்களுடைய விபத்துக்களும் அதனோடு குறைந்தன. பாடம் ஒருவனைப் பத்திரமான ஓட்டுநனாக்கியதோ இல்லையோ, இளம் வயதிலேயே ஓட்டுநனாக்கியது என்பது நிச்சயம். பள்ளிக் கல்வியின் ஆதரவாளர்கள் இதற்குப் பல சமாதானங்கள் கூறினர். பணத்தைக் கையில் வைத்திருந்தோர்க்கு அவை உவப்பாக இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிகள் இப்பாடத்தை விட்டொழித்தன. அவ்விடத்தைக் கட்டணம் வாங்கும் தனியார் ஓட்டுநர் பள்ளிகள் பிடித்துக்கொண்டன. இலவசமாகக் கிடைத்த கல்வி விலைக்கு வந்தது.

சட்டம் இயற்றுவோரின் சிரத்தை அதற்குள் வேறு திக்கில் திரும்பியிருந்தது. கற்பிப்பதால் ஆகாததைக் கட்டுப்படுத்துவதால் செய்யலாம் என்பது புதிய சித்தாந்தம். வட கரோலினாவில் பட்ரீஷியா வாலர் 1970களிலேயே எடுத்துரைத்த படிநிலை உரிம முறையை நியூஸிலாந்து 1987இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1996இல் ஃப்ளோரிடா முதலில் ஏற்றது. பிறகு எல்லா மாநிலங்களும் ஏதேனும் ஓர் உருவில் ஏற்றன. பழகுநர் காலம் இத்தனை மாதம், இரவில் இத்தனை மணிக்குமேல் ஓட்டலாகாது, சக வயதினரை ஏற்றலாகாது என்ற இவ்விதிகளுக்கு விபத்துக்களைக் குறைக்கும் சக்தி உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியுள்ளன. இம்முறையில் பெற்றோரின் பொறுப்பு மிகுந்தது. கலிஃபோர்னியாவில் பதினைந்தரை வயதில் பழகுநர் உரிமம் பெறும் பிள்ளை, தொழில்முறைப் பயிற்சியாளரோடு ஆறு மணி நேரம் ஓட்டினால் போதும். பெற்றோர் போன்ற பெரியவரோடு ஐம்பது மணி நேரம், அதில் பத்து மணி நேரம் இரவில், ஓட்ட வேண்டும்.

டெக்ஸஸ் மாநிலம் இன்னும் ஒரு படி சென்றது. 1997இல் அங்கே இயற்றிய சட்டம், வகுப்பறைப் பாடத்தையும் வண்டிப் பயிற்சியையும் பெற்றோரே தரலாம் என்றது. அந்நாளில் பொதுப் பாதுகாப்புத் துறையிடம் விண்ணப்பித்துப் பாடக் கட்டைத் தபாலில் வரவழைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் தந்தை பாடம் நடத்த முடிந்தது. என் அபிப்பிராயத்தில் இணையவழிக் கல்வியின் உண்மையான தாய்வீடு இந்தச் சட்டமே. தபாலில் வந்த கட்டு கணினியில் வந்தபோது, மாறியது கட்டின் உருவந்தான். ஆசிரியர் வேண்டாம் என்ற தீர்மானம் முன்னரே ஆகிவிட்டது. பெற்றோரிடம் கற்றவர்கள் பிற்பாடு மற்றவரினும் அதிகமாகக் குற்றங்களிலும் விபத்துக்களிலும் சிக்கினர் என்று 2007இல் வெளியான டெக்ஸஸ் ஆய்வு ஒன்று கூறியபோதிலும், ஏற்பாடு கலைக்கப்படவில்லை.

இணையப் பாடங்களின் அமைப்பைச் சற்று நின்று நோக்குவது பயனுடையது. அசையும் சித்திரங்கள், நாற்சந்தியில் யாருக்கு முதல் உரிமை என்று காட்டும் காட்சிகள், மதுவின் கேடு பற்றிய அத்தியாயம், ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் சிறு பரீட்சை, முடிவில் பெரும் பரீட்சை என்னும் இவை யாவும் பழைய பாடநூலின் மறுபிறவிகளே. புதியது கடிகாரம் ஒன்றே. ஒரு பக்கத்தை ஒரு நிமிஷத்தில் படித்துவிடும் சூட்டிகையான பிள்ளையும், விதித்த நேரம் கழியாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி பல மாநிலங்களின் விதிகள் தடுக்கின்றன; உட்கார்ந்திருப்பவர் அவரேதானா என்று சோதிக்க, பதிவின்போது கொடுத்த சொந்த விவரங்களிலிருந்து திடீர்க் கேள்விகளும் இடையிடையே எழும். ஜாக்ஸன்ஸ் மில்லில் பள்ளி மணியை மனத்தில் கொண்டு வகுத்த முப்பது மணி நேரம், பள்ளியும் மணியும் போன பின்பு, திரையின் ஓரத்தில் நொடி நொடியாகக் குறைந்துகொண்டிருக்கிறது. திரையின் முன் கழியும் நொடிகளை இவ்வளவு உன்னிப்பாக எண்ணும் சர்க்கார், சாலையில் கழிய வேண்டிய ஐம்பது மணி நேரத்துக்குப் பெற்றோரின் கையெழுத்தை மட்டுமே சாட்சியாக ஏற்றுக்கொள்வதை என்னவென்று சொல்வது! கையெழுத்திடும் தந்தை அசத்தியவாதி என்பதன்று என் கருத்து. அவர் மணிக்கணக்கு வைத்திருக்க மாட்டார் என்பதே.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று வகுப்பறைகளை மூடியபோது, அதுவரை தயங்கிய மாநிலங்களிலும் இப்பாடம் கணினிக்கு வந்தது. அவ்வாண்டு ஜார்ஜியாவில் ஆளுநரின் உத்தரவால் சாலைப் பரீட்சையும் சில வாரங்களுக்கு விலக்கப்பட்டு, பெற்றோரின் உறுதிமொழியின் பேரில் ஏறக்குறைய 20,000 இளையோர் உரிமம் பெற்றனர். கூச்சல் எழவே, அவர்களும் பரீட்சைக்கு வந்தாக வேண்டும் என்று பின்னர் வேறோர் உத்தரவு பிறந்தது.

டிகால்ப் சோதனையின் முடிவு இறுதித் தீர்ப்பு என்று இப்போது ஒருவரும் சொல்வதில்லை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தினர் எட்டு ஆண்டுகளில் சுமார் ஒன்றரை லட்சம் இளையோரின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர் கல்வி பெற்றவர்கள், பெற்றோருடன் ஐம்பது மணி நேரம் பழகியதாகப் பதிவு செய்தவரைக் காட்டிலும் குறைவாக மோதினர் என்று கண்டனர். நெப்ராஸ்காவின் மாணவர்கள் தாமே தேர்ந்துகொண்டவர்கள் ஆதலால் பழைய தோஷம் முற்றும் நீங்கிவிட்டதாகக் கொள்வதற்கில்லை. எனினும் வருமானம், இருப்பிடம் முதலியவற்றைச் சரிக்கட்டிய பின்னும் வேற்றுமை நின்றது. இவ்வாய்வுகளுக்கு இப்போது ஒரு புது முக்கியத்துவம் உண்டு. பதினாறு வயதில் உரிமம் உடையோர் 1983இல் நூற்றுக்கு நாற்பத்தாறு பேர். 2014இல் ஏறத்தாழ இருபத்தைந்து பேர். காத்திருப்பவர்களுள் பலர் பதினெட்டு வயதில் நேரே வந்து உரிமம் கேட்கின்றனர். அவ்வயதினர்க்கு ஓட்டுநர் கல்வியைப் பெரும்பாலான மாநிலங்கள் விதிப்பதில்லை. கலிஃபோர்னியாவில் பதினேழரை வயதானவர் அப்பாடத்தைத் தொடாமலே பழகுநர் உரிமம் பெறலாம். பதினெட்டில் உரிமம் பெற்ற புதியவர்களின் விபத்து வீதம், விதிப்படி பயின்று அதற்கு முன்பே பெற்றவர்களின் வீதத்தைவிட உயர்ந்திருந்தது என்று ஒஹாயோவின் பதிவுகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி காட்டியுள்ளது. தனியார் பள்ளியின் கட்டணத்தைக் கொடுக்க முடியாத குடும்பத்துப் பிள்ளைகளே அதிகமாகக் காத்திருக்கின்றனர் என்று கருத இடமுண்டு.

ஃப்ளோரிடாவில் நெடுங்காலமாகச் சட்டம் கேட்டது, போக்குவரத்து விதிகளையும் போதைப் பொருள்களின் கேட்டையும் கூறும் நான்கு மணி நேரப் பாடம் மட்டுமே. 2025 ஆகஸ்டு முதல், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு அதற்குப் பதிலாக ஆறு மணி நேரப் பாடம் விதிக்கப்பட்டிருக்கிறது. அதையும் வீட்டிலிருந்தே கணினியில் முடிக்கலாம். பதினெட்டு நிறைந்து முதன்முறை உரிமம் கேட்போர்க்குப் பழைய நான்கு மணி நேரமே போதும்.