இயக்குதளப் படிமப் பரப்பல்: வரலாறு

இயக்குதளப் படிமப் பரப்பல் என்பது, ஒரு கணினியில் இயக்குதளத்தையும் தேவையான மென்பொருள்களையும் நிறுவி, அதன் வன்தட்டின் உள்ளடக்கத்தைப் படியெடுத்து, அதைப் பல கணினிகளில் பதிக்கும் முறையாகும். படியெடுத்து வைக்கப்படும் கோப்பு படிமம் எனப்படுகிறது. இம்முறை நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் மூலக் கணினியில் உள்ள பிழையும், அதற்கே உரிய அடையாளமும் சேர்ந்தே படியாகின்றன. இச்சிக்கலுக்குத் தீர்வு தேடியதே இத்தொழில்நுட்ப வரலாற்றின் முக்கியப் பகுதி.

தோற்றம்

விண்டோஸ் 95இன் நெகிழ்வட்டுப் பதிப்பு 13 வட்டுகளைக் கொண்டிருந்தது. ஓர் ஆய்வகத்தில் 30 கணினிகள் இருந்தால், அத்தனையிலும் வட்டுகளை மாற்றி மாற்றி இட்டு நிறுவ வேண்டும். 1995இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பைனரி ரிசர்ச் நிறுவனத்துக்காக மர்ரே ஹாசர்ட் என்பவர் 'கோஸ்ட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அது கோப்பு முறைமையைப் புரிந்துகொண்டு படியெடுத்ததால், வேறு அளவுள்ள வன்தட்டிலும் படிமத்தைப் பதிக்க முடிந்தது. 1998இல் சைமன்டெக் நிறுவனம் இதை வாங்கியது.

வலையமைப்பு வழியாக

கணினிகள் பெருகியபோது, படிமத்தை வட்டில் கொண்டுசெல்வது போதவில்லை. கோஸ்டின் பிந்தைய பதிப்பில் பல்பரப்பல் வசதி சேர்ந்தது. படிமத்தை வழங்கி ஒருமுறை அனுப்ப, எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் அதைப் பெற்றுக்கொண்டன. 1999இல் இன்டெல் வெளியிட்ட பிஎக்ஸ்ஈ 2.1 வரையறையின்படி, வட்டு எதுவும் இல்லாமலே கணினி வலையமைப்பிலிருந்து தொடங்க முடிந்தது.

அடையாள எண் சிக்கல்

விண்டோஸ் என்டி வகைக் கணினி ஒவ்வொன்றும் நிறுவப்படும்போது ஒரு பாதுகாப்பு அடையாள எண்ணைப் பெறுகிறது. படியெடுத்த கணினிகள் அனைத்துக்கும் ஒரே எண் அமைந்துவிடும். இதைத் தவிர்க்க, மைக்ரோசாப்ட் 'சிஸ்பிரெப்' என்ற கருவியை வழங்கியது. படியெடுக்கும் முன் இதை இயக்கினால், கணினிக்கே உரிய விவரங்கள் நீக்கப்படும். ஒவ்வொரு படியும் முதல்முறை தொடங்கும்போது புதிய எண்ணைப் பெறும். எண்ணை மாற்றும் 'நியூசிட்' என்ற கருவியை உருவாக்கியவர்களுள் ஒருவரான மார்க் ரசினோவிச், 2009இல் எண் ஒன்றாக இருப்பதால் பொதுவாகச் சிக்கல் இல்லை என்று விளக்கி, அக்கருவியைக் கைவிட்டார். ஆயினும் சிஸ்பிரெப் தேவை என்ற நிலை மாறவில்லை. 2025இல் வெளியான விண்டோஸ் 11 இற்றைப்படுத்தல்களுக்குப் பின், ஒரே எண் கொண்ட கணினிகளுக்கிடையே உள்நுழைவு மறுக்கப்பட்டது. பல ஆண்டுகளாகத் தீங்கற்றதாகத் தோன்றிய குறுக்குவழி இவ்வாறு சிக்கலாயிற்று.

கோப்பு அடிப்படைப் படிமம்

விண்டோஸ் விஸ்டாவுடன் (2006) மைக்ரோசாப்ட் 'விம்' என்ற படிம வடிவத்தைக் கொண்டுவந்தது. இது வட்டை அல்லாமல் கோப்புகளைச் சேமிக்கிறது. பல படிமங்களுக்குப் பொதுவான கோப்பு ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படுவதால் இடம் மிச்சமாகிறது. கட்டற்ற மென்பொருள்களில், தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய குளோன்சில்லா பரவலாக அறியப்பட்டது.

எமோரி பல்கலைக்கழக நிகழ்வு

2014 மே 14 அன்று, அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் விண்டோஸ் 7 படிமத்தைப் பதிக்கும் கட்டளை தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் அனுப்பப்பட்டது. மேசைக்கணினி, மடிக்கணினி, வழங்கி என்ற வேறுபாடின்றி வட்டுகள் அழிக்கப்படத் தொடங்கின. தவறு தெரிந்து, கட்டளையை அனுப்பிய வழங்கியை நிறுத்தியபோது, அதன் வட்டும் அழிந்திருந்தது.

நூறு கணினிகளை ஒரே கட்டளையில் ஆயத்தப்படுத்தும் வசதியே, நூறையும் ஒரே கட்டளையில் அழிக்கவும் வல்லது. எனவே படிமத்தை முதலில் ஓரிரு கணினிகளில் சோதித்து, பெறவேண்டிய கணினிகளின் பட்டியலைச் சரிபார்த்து, தரவுகளின் காப்புப்படியை வேறிடத்தில் வைத்த பிறகே பரப்புவது இத்துறையின் அடிப்படை நடைமுறையாக உள்ளது.